மேளம் இல்லாத கோஷ்டி

மேடையில் காலைத் தட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. மெல்பேர்னில் இருபத்தைந்து வருடமாக வார இறுதிகளில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி போட்டு வருகிறேன். கிழமை நாட்களில் கடைகளின் குளிரூட்டிகளைத் திருத்துகிற வேலை. அரங்கேற்றம், வீணைக் கச்சேரி, கேரம் டவுன்ஸ் கோயில் திருவிழா என்று நான் மைக் வைக்காத இடம் குறைவு. பாட வந்தவர் தாளத்தைக் கையில் போடாமல் காலால் தட்டினால் அந்தச் சத்தம் பலகை வழியாக மைக் கம்பியில் ஏறி, ஸ்பீக்கரில் யாரோ கதவை இடிப்பது போல வரும். "அண்ணை, காலைக் கொஞ்சம் அடக்குங்கோ" என்று எத்தனையோ வித்துவான்களுக்கு முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அதனால் சிலர் என்னை இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. போகட்டும்.

அப்படிப்பட்ட நான் பன்னிரண்டு வருடமாக ஓர் ஐரிஷ் கோஷ்டிக்கு ஒலி பார்த்து வருகிறேன். அதுவும் நாலு பேரும் நாலு காலால் தட்டுகிற கோஷ்டிக்கு. என் மனைவி சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

எதிர்பாராமல்தான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தேன். நகரத்தின் வடக்கே ஒரு பழைய மண்டபம், தரை முழுக்க மரப்பலகை. அங்கே ஒரு ஞாயிறு மதியம் வீணைக் கச்சேரியை முடித்துக்கொண்டு வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிறகு மண்டபம் இந்தக் கோஷ்டியுடையது. அவர்களுடைய ஆம்ப்ளிஃபயர் புகை விட்டுச் செத்துப்போனது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகமுடியுமா என்று என்னைக் கேட்டார்கள். நின்றேன். அடுத்த மாதமும் கூப்பிட்டார்கள். அதற்கும் போனேன்.

நாலு பேர். பிடில் வாசிப்பவர் எண்பதை நெருங்கியவர், நரைமுடி காதை மூடித் தொங்கும். மரப் புல்லாங்குழல் வாசிக்கும் அம்மா ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி. அக்கோர்டியன்காரர் பஸ் ஓட்டியவர். பான்ஜோ வாசிப்பவர் பல் வைத்தியர், கோஷ்டியில் அவர்தான் இளையவர், அவருக்கே அறுபத்திரண்டு. நாற்பது வருடமாக மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் இவர்கள் கதிரைகளை அரைவட்டமாகப் போட்டு உட்கார்ந்து வாசிக்கிறார்கள். மேளக்காரர் கிடையாது.

முதல் நாள் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி நம்பவில்லை.

"இஞ்சாருங்கோ, மேளம் இல்லாமல் என்ன கச்சேரி?"

"மேளம் அவையின்ர காலுக்குள்ள இருக்கு."

"அப்ப காலுக்கும் ஒரு மைக் வைச்சியளோ?"

அதற்குப் பிறகு எங்கள் குசினிச் சமையல் பேச்சில் அவர்களுக்குப் பெயர் 'கால்கோஷ்டி'. ஞாயிறு காலையில் நான் வான் வண்டியில் சாமான் ஏற்றினால், "இண்டைக்குக் காலோ, கையோ?" என்று கேட்பாள். கை என்றால் தமிழ்க் கச்சேரி.

முதல் வருடம் எனக்கு அந்தச் சங்கீதத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆலாபனை இல்லை. ஒருவர் தனியாகத் திறமை காட்டும் இடம் இல்லை. நாலு வாத்தியமும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் வாசிக்கும். அதை மூன்று தரம் வாசித்துவிட்டு, மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவும். போன மாதம் வாசித்ததைத்தான் இந்த மாதமும் வாசிப்பார்கள். அறுபது எழுபது பேர் வருவார்கள், வந்தவர்களே வருவார்கள், உட்கார்ந்த கதிரையிலேயே உட்காருவார்கள். ஐரிஷ்காரர் என்று பார்த்தால் அதில் பாதிகூடத் தேறாது. ஒரு கிரேக்கத் தம்பதி, தையல்கடை வைத்திருக்கும் வியட்நாமியப் பெண், தன் தகப்பனைச் சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு வரும் ஒரு சிலி நாட்டுக்காரர். கேட்டதையே கேட்க இவர்கள் ஏன் வருகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. நானும் ஏன் வருகிறேன் என்று என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். பழைய மண்டபத்தில் கடைசி நாலு வருடமாகக் காலடி கூடிக்கொண்டே வந்தது. முன்பு மெல்லத் தட்டியவர்கள் இப்போது உழக்கினார்கள். வயது போகப்போக அடக்கம் குறைகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அந்த இடி வருகிற கீழ்ச் சுருதிகளை மிக்சரில் வெட்டி வெட்டி ஒரு மாதிரிச் சமாளித்தேன். கடைசியில் ஒரு நாள் பொறுமை போய்விட்டது. எங்கள் வாய்ப்பாட்டுக் கச்சேரிகளுக்கு விரிக்க நல்ல தடித்த சிவப்புக் கம்பளம் ஒன்று வைத்திருந்தேன். கம்பளம் இல்லாத மேடையை எங்கள் ஆட்கள் மேடை என்றே மதிக்கமாட்டார்கள். அதைக் கொண்டுபோய் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வருமுன்பே, கதிரைகளுக்குக் கீழே விரித்துவிட்டேன். வந்தவர்கள் பார்த்தார்கள். விருந்தாளிக்கு மரியாதை செய்கிறேன் என்று எண்ணி நன்றியும் சொன்னார்கள்.

ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டபோது எனக்குப் பரம திருப்தி. ஒரு இடியும் இல்லை. குழலின் மூச்சுக்கூடத் தனியாகக் கேட்டது. அந்தத் திருப்தி முதல் மெட்டின் பாதி வரைக்கும்தான். பிடில் பின்தங்கியது. கொஞ்சம் அல்ல, யாரோ வேறு அறையில் இருந்து வாசிப்பது போலப் பின்தங்கியது. குழல் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அக்கோர்டியன் அவருக்காக வேகத்தைக் குறைத்தது. பான்ஜோ குறைக்கவில்லை. மூன்றாம் சுற்றில் நாலும் நாலு திக்கில் போய், நடுவழியில் நின்றுவிட்டது. நாற்பது வருடத்தில் அவர்கள் நடுவில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை என்று பிறகு கேள்விப்பட்டேன். சபை கைதட்டியது. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. பரிதாபப்பட்டுத் தட்டினார்கள்.

பிடில்காரர் எழுந்து, வில்லைத் துடைத்து, தனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் பின்னால் போனேன். என் வானுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் என் நினைவில் அது எங்கட தமிழாகவே தங்கிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

"நீர் ஏன் எப்பவும் வெறுங்காலோட மேடைக்கு ஏறுறனீர்?" என்று கேட்டார்.

"பாட்டு நடக்கிற இடத்தில நாங்கள் சப்பாத்தோட மிதிக்கிறதில்லை."

"அப்ப உமக்கு விளங்கும். வெறுங்காலோட நிக்கேக்க பலகை ஆடுறது தெரியுமெல்லே?"

தெரியும். வயர் போடும்போது உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டுவது போல இருக்கும். அதைத்தான் இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் நரைமுடியை விலக்கிக் காட்டினார். காதுக்குள் கருவி. அதைப் போட்டால் பேச்சுக் கேட்கும், பாட்டு தகரத்தைச் சுரண்டுவது போல இருக்குமாம். அதனால் வாசிக்கும்போது நிறுத்திவிடுவாராம். தன் வாத்தியம் தாடை எலும்பு வழியாக அவருக்குக் கேட்கும். மற்ற மூவரையும் கேட்பது காலால்தான். அவர்களுடைய குதிக்கால் பலகையில் விழ, பலகை ஆட, தன் மெல்லிய தோல் சப்பாத்தின் அடியில் அது வந்து சேரும். அந்தச் சப்பாத்துக்கு அடி மாற்றி மாற்றித் தைத்து முப்பது வருடமாகப் போடுகிறார். ரப்பர் அடி வைத்த சப்பாத்தைக் காலில் ஏற்றமாட்டார். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு, கம்பளத்தோடு சேர்த்து என்னையும் சுருட்டி வைத்தால் என்ன என்று இருந்தது.

"அவைக்குச் சொல்லாதேயும்" என்றார். "தெரிஞ்சால் என்னைச் சுமக்கத் தொடங்குவினம். சுமந்து வாசிக்கிற பாட்டு எனக்கு வேண்டாம். அண்டைக்கே பெட்டியைப் பூட்டிப்போடுவன்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை குழல் அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அந்தக் கம்பளத்தை எங்கையாவது கொண்டுபோய் எரிச்சுப்போடும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். காரணம் தெரியாதவன் போலவும் நடித்தேன்.

"அவருக்குக் காது கேக்கிறதில்லை. நாலு வருஷமா எங்களுக்குத் தெரியும். நான் தாதியாய் இருந்தனான், எனக்குத் தெரியாமல் போகுமோ? அதுக்காகத்தானே மூண்டு பேரும் குதிரை மாதிரி உழக்கிறம். என்ர முழங்கால் போச்சுது. ஆனால் நீர் மூச்சு விடக்கூடாது. எங்களுக்குத் தெரியுமெண்டு அவருக்குத் தெரிஞ்சால், அண்டையோட அவர் வரமாட்டார்."

அவருக்கும் வாக்குக் கொடுத்தேன். போனை வைத்த பிறகு குசினியில் மனைவிக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தேத்தண்ணீரை முன்னால் வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் ரகசியத்தை வைச்சுக்கொண்டு நடுவிலை இருக்கிறியள். கலியாணம் பேசப் போன ஆள் மாதிரி" என்றாள். பிறகு சிரிக்காமல், "பாவமப்பா, அந்த மனிசன்" என்றாள்.

அடுத்த மாதம் வெறும் பலகையில் உழக்கினார்கள். பிடில் இம்மியும் பிசகவில்லை. கீழ்ச் சுருதிகளை வெட்டாமல் விட்டேன். இடி முழுக்க ஸ்பீக்கரில் வந்தது. அன்றைக்குத்தான் அவர்களைச் சரியாகக் கேட்டேன். குழல் அம்மாவுக்கு மூச்சு முட்டும் இடத்தில் அக்கோர்டியன் ஒரு சொட்டுக் கூடுதலாக வாசிக்கிறது. பான்ஜோவின் விரல் தடக்கினால் பிடில் அந்த இடத்தை மூடிவிடுகிறது. யார் விட்டாலும் மெட்டில் ஓட்டை விழுவதில்லை. எங்கள் கச்சேரிகளுக்கு ஒருவர் மற்றவர்களால் முடியாததைச் செய்வதைப் பார்க்கப் போகிறோம். அதில் எனக்கு இன்றைக்கும் குறையில்லை. இங்கே வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் விழவிடாத நாலு பேரைப் பார்க்க வருகிறார்கள். தகப்பனைச் சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு மாதம் ஒரு தரம் அது தேவைப்படுகிறது. எனக்கும் தேவைப்பட்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

போன வருடம் அந்தப் பழைய மண்டபத்தின் தரையில் கறையான் பிடித்ததால் அதைப் பூட்டிவிட்டார்கள். நகரசபை அவர்களுக்குப் புதிய சமூக நிலையம் ஒன்றைக் கொடுத்தது. வெளிச்சம், சூடாக்கி, சக்கரக் கதிரைக்குச் சாய்தளம் எல்லாம் இருக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு புதன்கிழமை, மின்சாரப் பிளக் இடங்களைப் பார்க்கிற சாட்டில், நான் தனியாகப் போனேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குதிக்காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். சாம்பல் நிறத் தரை விரிப்புக்குக் கீழே முழுச் சீமெந்து. என் குதிக்கால் நொந்ததுதான் மிச்சம். இரண்டடி தள்ளி வைத்திருந்த மற்றக் காலுக்கு ஒன்றுமே வந்து சேரவில்லை.

பிடில்காரரும் போய்ப் பார்த்திருக்கிறார், அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. அன்று பின்னேரமே எனக்குப் போன் செய்து, "இனிக் காணும், வாசிச்சது போதும் எண்டு நினைக்கிறன்" என்றார். கை நோகிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லப் போவதாகச் சொன்னார். முதல் ஞாயிறுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அதுவரைக்கும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டேன். நான் கெஞ்சுகிற ஆள் இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்குப் பரதம் பழக்குகிற நடன டீச்சரின் நினைவு எனக்கு வந்தது. சீமெந்து மண்டபங்களில் அரங்கேற்றம் வைத்தால் ஆடுகிற பிள்ளைகளின் முழங்கால் போய்விடும் என்று, பெற்றோர் சேர்ந்து அவவுக்கு மேடைப் பலகைகள் செய்து கொடுத்திருந்தார்கள். கதவு அளவில் ஆறு பலகைகள், கீழே சட்டம் அடித்தவை. எத்தனையோ அரங்கேற்றங்களுக்கு அவற்றை என் வானில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். நேரே போய்க் கேட்டேன்.

"ஐரிஷ்காரருக்கோ? அவையும் ஆடுறவையோ அண்ணை?"

"ஆடமாட்டினம். கதிரையிலை இருந்துகொண்டு உழக்குவினம்."

"அப்ப அரைமண்டி பழக்கத் தேவையில்லை" என்று சிரித்துவிட்டு, சட்டென்று முகம் மாறினார். "ஒண்டு சொல்லிப்போட்டன். பிள்ளையள் தொட்டுக் கும்பிட்டுப்போட்டு ஏறுற பலகை. சப்பாத்தோட ஒருத்தரும் மிதிக்கக்கூடாது. மிதிச்சால் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்திடுங்கோ."

"ஓம் டீச்சர்" என்றேன். முப்பது வருடம் அடி மாற்றித் தைத்த சப்பாத்தை எப்படிக் கழற்றச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஞாயிறு காலையிலேயே போய் ஆறு பலகைகளையும் ஒன்றோடொன்று இரும்புப் பட்டி வைத்துத் திருகி இறுக்கி, ஒரே பலகையாக்கினேன். அப்போதுதான் ஒரு மூலையில் மிதித்தது மறு மூலைக்குப் போகும். பின்னேரம் நாலு பேரும் வந்தார்கள். ஒலி நன்றாக இருக்கும் என்பதற்காகத்தான் பலகை என்றேன். ஒலிக்கு நல்லதுதான் என்று பிடில்காரர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். ஒலிக்கு மிகவும் நல்லது என்று குழல் அம்மா அவரைப் பார்த்துச் சொன்னார். சப்பாத்துக் கதையைச் சொன்னபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பல் வைத்தியரின் காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது, சபையில் சிரிப்பு. பிடில்காரர் தன் சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் கழற்றி மடித்து உள்ளே வைத்து, வெறும் உள்ளங்காலைப் பலகையில் பதித்தார். பான்ஜோக்காரர் சும்மா ஒரு தட்டுத் தட்டினார். கிழவரின் புருவம் இரண்டும் மேலே போயின.

முதல் பாதி நன்றாகவே போனது. மிக்சரை நான் பலகையின் ஓரத்தில், குழல் அம்மாவின் கதிரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். வழக்கம்போல வெறுங்கால். இரண்டாம் பாதியில் மூன்று எண்ணிக்கையில் துள்ளுகிற ஒரு வேகமான மெட்டை எடுத்தார்கள். இரண்டாம் சுற்றில் எனக்கு முன்னால் இருந்த குதிக்கால் நின்றது. அம்மா குழலை நிறுத்தவில்லை, முழங்கால்தான் நின்றுவிட்டது. கண் மூடி இருந்தது, நெற்றியில் வேர்வை. பல் வைத்தியரும் பஸ்காரரும் மறு ஓரத்தில் இருந்தார்கள். பிடில்காரருக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்த கால் இவருடையதுதான். பிடில் ஒரு கணம் தயங்கியது. கம்பளம் விரித்த நாள் என் கண் முன்னால் வந்தது.

யோசிக்கவில்லை. காலைத் தூக்கிப் பலகையில் போட்டேன். தகிட, தகிட என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு குதிக்காலால் இடித்தேன். காலால் தாளம் போடுவது எனக்குப் பழக்கமில்லை. வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் இரண்டும் போய்விட்டது. சத்தம் மைக்கில் ஏறி ஸ்பீக்கரில் இடித்தது, இடிக்கட்டும் என்று விட்டேன். பிடில் எங்கள் காலடி மேல் வந்து ஏறிக்கொண்டது. மூன்றாம் சுற்றும் முடிந்து அடுத்த மெட்டுக்கும் தாவினார்கள். கடைசி வரைக்கும் நான் காலை எடுக்கவில்லை. அம்மா கண்ணைத் திறக்காமலே தன் காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்து எனக்கு இடம் விட்டார்.

எல்லாம் முடிந்து, மற்ற மூவரும் தேத்தண்ணீருக்குப் போனபின், நான் பட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பிடில்காரர் கதிரையில் இருந்து காலுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"புதுக் கால் உம்முடையதுதானே?"

நான் அடுத்த பட்டியின் திருகாணிக்குப் போனேன்.

"அவவின்ர கால் போன வருஷமே தளரத் தொடங்கீட்டுது. இண்டைக்கு நடுவிலை விட்டிட்டா. பிறகு வந்தது வெறுங்கால், பாரமான கால். இஞ்ச வெறுங்காலோட நிண்ட பாரமான ஆள் நீர் ஒராள்தான்."

"அப்ப உங்களுக்கு..." என்று தொடங்கினேன்.

"நாலு வருஷமாக் குதிரை மாதிரி உழக்கினம். எனக்குக் காதுதான் போனது, மூளை போகேல்லை." ஒரு சப்பாத்தைப் போட்டு நாடாவைக் கட்டினார். "கம்பளம் விரிச்ச அண்டைக்கு வீட்டை போய் யோசிக்கேக்கதான் அவை எவ்வளவு உழக்கினவை எண்டு விளங்கினது. அண்டைக்கே விட்டிருக்கலாம். விட மனம் வரேல்லை. சுமந்தால் சுமக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

கழற்றவேண்டிய திருகாணியை நான் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அவைக்குச் சொல்லாதேயும்" என்றார், பழையபடி. "எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் உழக்க வெட்கப்படுவினம்."

மூன்றாவது வாக்கையும் கொடுத்தேன். அவர் மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, பலகையை விட்டு இறங்கிய பிறகுதான், தான் சப்பாத்தோடு அதில் நின்றதைக் கவனித்தார். குனிந்து, நான் மேடைக்கு ஏறும்போது செய்கிறதைப் பார்த்திருப்பார் போல, பலகையைத் தொட்டுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நின்றார்.

"அடுத்த மாசமும் அதே இடத்தில நில்லும். ஆனால் கொஞ்சம் முந்துறீர். அதைப் பார்த்துக்கொள்ளும்."